அபிராமபுரத்து அம்பாசிடரின் இடது பக்கக் கோடு

இரண்டரை அங்குல நீளம். தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். அவ்வளவுதான் அந்தக் கோடு. அதைப் போட முடியாமல் நான்கு நாளாகச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மேஜையில் பழைய செய்தித்தாள். அதன் மேல் ஒரு அம்பாசிடர், நிஜ வண்டியில் பதினெட்டில் ஒரு பங்கு. ஒரு சாணை விடச் சற்று நீளம் இருக்கும். மந்தைவெளி வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து அதன் கூரையில் விழுந்தது. அந்த நிறம் எனக்கே பிடித்திருந்தது, அது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. சக்கரம், விளக்கு, வைப்பர், பின் கண்ணாடியை ஒட்டி ஒரு டிஷ்யூ பெட்டி என்று எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு கீறல். இடது பக்கப் பின்கதவில் தொடங்கிப் பின் மட்கார்டில் போய் முடிய வேண்டும்.

மூன்றே முடி உள்ள பிரஷ்ஷை எடுப்பேன். பெயின்ட்டில் நுனியைத் தொடுவேன். காருக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். பிறகு தின்னரில் கழுவித் துடைத்து வைத்துவிடுவேன்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் சாப்பிடுவது என்று மூன்றாம் நாள் என் மனைவி கலா கேட்டாள். நான்காம் நாள், “ஏங்க, அந்தக் கோட்டுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?” என்றாள். எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம். கேட்கவும் பயம். கையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அந்தக் கோட்டில் இருந்தது.

பல்லும் காரும்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி. தி. நகரில் ஒரு டென்டல் லேப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். டாக்டர் இல்லை. டாக்டர் அச்செடுத்து அனுப்ப, அதை வைத்துப் பீங்கானில் பல் செய்து, நிறம் தீட்டி, சூளையில் சுட்டு அனுப்புகிற ஆள். என் முகத்தைப் பார்க்காமலே என் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. அந்த வேலையில் நான் கற்றது இதுதான். மாதிரிப் பற்களை வரிசையாகக் குத்திய ஒரு சட்டம் வைத்திருப்போம். ஆளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு மாதிரியாகப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் பார்த்தால் போச்சு. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வாஷ்பேசின் மாதிரி வெள்ளையாகப் பல் வேண்டும் என்று அவள் அப்பா அடம்பிடித்தார். செய்து கொடுத்தோம். ஆல்பத்தில் பெண்ணுக்கு முன்னால் அந்தப் பல் வந்து நின்றது என்று அவரே பிறகு வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

இன்னொரு ரகசியம் உண்டு. முன்பல் நிஜமாகத் தெரிய வேண்டுமானால் அதில் ஒரு குறை வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் கோடு, ஓரத்தில் காபிக் கறை மாதிரி ஒரு புள்ளி. குறையே இல்லாத பல் பொய்ப்பல் என்று தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற புதிதில், வீட்டில் என்னைச் சகிக்க முடியாத ஒரு மத்தியானம், பாண்டி பஜார் வரை நடந்துபோய் ஒரு பொம்மைக் கார் வாங்கினேன். யாருக்கும் கொடுக்க இல்லை, எனக்குத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் வெள்ளை பொறுக்கவில்லை. பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தேன். அப்போது பிடித்த பைத்தியம்.

முதல் காரில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ராயப்பேட்டையில் நிஜக் கார்களுக்குப் பெயின்ட் கலந்து கொடுக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் அசல் வண்டி நிறத்தையே வாங்கி வந்து அடித்தேன். பல்லில் பழகிய கண் எனக்கு, இம்மி பிசகாது என்ற கர்வம். காய்ந்ததும் கார் ஒரு மாதிரி அழுக்காக, இருட்டாக நின்றது. பாயிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய வண்டியைத் தூரத்தில் நின்று பார்க்கிறோம், நடுவில் இருக்கிற காற்றும் வெளிச்சமும் நிறத்தை வெளுக்கவைக்கிறது, பொம்மைக்கு அந்த வெளுப்பையும் நீங்களே கலக்க வேண்டும் என்றார். முப்பது வருடம் நிறத்தோடு குடித்தனம் செய்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

முதல் கேள்வி

நாளடைவில் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் வீட்டில் நின்ற வண்டி, விற்றுவிட்டோம், அதை மாதிரியே ஒன்று வேண்டும் என்பார்கள். அப்படி யார் வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான். உங்கள் காரில் என்ன குறை?

பலர் முதலில் முறைப்பார்கள். குறையெல்லாம் எதுவுமில்லை, தங்கமான வண்டி என்பார்கள். காபி வரும். காபி பாதி குடிப்பதற்குள் அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி முக்கால்வாசிதான் ஏறும். மழை வந்தால் வலது வைப்பர் மட்டும் ஆடும். பெசன்ட் நகரில் ஒரு டாக்டரம்மா, என் வண்டி எப்போதும் வாதாம் மரத்தடியில் நிற்கும், காக்கை எச்சம் இல்லாமல் நான் அதைப் பார்த்ததே கிடையாது என்றார். எச்சம் வைத்தே கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய நாய் பயந்து உள்ளே ஓடியது.

இந்தக் கேள்வியை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். வசுமதி வரும்வரை.

வசுமதிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெளிநாட்டில் வேலை. அபிராமபுரத்தில் அவருடைய அப்பா சேஷாத்ரி தனியாக இருக்கிறார். அவருக்கு எண்பது வருகிறது. அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டதால் சடங்கு எதுவும் கிடையாது, வேண்டப்பட்டவர்களைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு மட்டும். அதற்குப் பரிசாக அப்பாவின் பழைய அம்பாசிடரைச் செய்துதர வேண்டும்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“கன்னியப்பன் கையெழுத்து” என்றார்.

கன்னியப்பன் அந்த வீட்டு டிரைவர். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வண்டியை வாசல் கேட்டில் உரசிவிட்டார். கேட்டின் இரும்புக் கொண்டி இடது பக்கம் பின்பாதியில் ஒரு கோடு இழுத்துவிட்டது. வசுமதியின் அம்மா அதைச் சரிசெய்ய விடவில்லை. தினம் துடைக்கும்போது கண்ணில் பட்டால்தான் அவனுக்குப் புத்தி வரும் என்று அப்படியே விட்டுவிட்டாராம். கையெழுத்து என்று பெயர் வைத்ததும் அவர்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை நடக்கும். அம்மா போன பத்தாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோதுகூட, தானே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்ததாக வசுமதி சொன்னார்.

“அந்தக் கோடு இல்லேன்னா அது எங்காத்துக் காரே இல்லை சார். அதை மட்டும் கரெக்டா போட்டுடுங்கோ.”

நானும் சிரித்தேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எந்த வெள்ளை?

வேலையில் இறங்கியதும் நிறத்தில் சிக்கல் வந்தது. வசுமதி கொடுத்த ஆறு புகைப்படங்களில் கார் ஆறு நிறத்தில் இருந்தது. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம் ஓடிய வெள்ளை. பழைய படங்கள் அப்படித்தான் பழுக்கும். சுத்த வெள்ளை என்றார் வசுமதி. பெரியவர் சேஷாத்ரியிடம் விஷயத்தைச் சொல்லாமல் மகள் போனில் சுற்றி வளைத்து விசாரித்ததில், க்ரீம் என்று சொல்லியிருக்கிறார்.

கன்னியப்பனைக் கேளுங்கள், தினம் துடைத்தவன் அவன்தானே என்று வசுமதி ஒரு போன் நம்பர் கொடுத்தார். அவரை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்த ஆளை அவன் என்றது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. சில வீடுகளில் சிறு வயதில் ஒட்டிக்கொண்ட பேச்சு அப்படியே தங்கிவிடுகிறது.

கன்னியப்பன் முன்பு அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவர். வேலைக்கு நடந்தே வந்துவிடுவாராம். அங்கிருந்த எல்லோரோடும் சேர்த்து அவரையும் நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு காலை, ஏழு வெள்ளைகளை ஏழு பாட்டில் மூடிகளின் மேல் அடித்து, காயவைத்து, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது மாடி

ஒரே மாதிரி கட்டடங்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக, காலர் கசங்காத வெள்ளைச் சட்டையில் இருந்தார். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் டிரைவர் சட்டைதான். மனைவி வேலைக்குப் போயிருந்தார். அவரே டீ போட்டார்.

மூடிகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். அவர் வாசலோரம் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. இரண்டு மூடிகளைத் தள்ளினார். பிறகு மூன்று. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இத்தான் சார். அரிசி கழுவுன தண்ணி கலர். மொத கழுவல் இல்ல, ரெண்டாவது.”

அந்தத் துல்லியத்தை எங்கள் லேப்பில் இருந்த மூத்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நோட்டை மூடவே முடியவில்லை. முன் இடது சக்கரத்தின் மூடி மட்டும் வேறு மாதிரி, அசல் திருடு போய்ப் புதுப்பேட்டையில் வாங்கியது. டிக்கியின் சாவித் துவாரத்தைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்திருக்கும். ஐயா பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார், அதனால் அந்தப் பக்கம் வண்டி ஒரு விரல் தாழ்ந்து நிற்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த வண்டியை வீட்டார் வைத்திருந்தார்கள், அறிந்திருந்தது இவர்தான்.

கடைசியாக, அந்தக் கீறல் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று கேட்டேன்.

அவர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். நின்றபடியே சொன்னார்.

“அந்தக் கோடு நான் போட்டது இல்ல சார்.”

நடந்தது இது. பெரியவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்த சமயம். வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா சாவியைப் பூஜை அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கோவிலுக்குப் போனதும் பெரியவர் சாவியைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு சுற்று என்று கிளம்பிவிட்டார். திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைக்கும்போது உரசியது. கன்னியப்பன் அன்றைக்கு விடுமுறையிலும் வந்து வாசலில் நின்றிருந்தார். பெரியவர் இறங்கியபோது முகம் வெளிறிப்போயிருந்ததாம். அதைப் பார்த்த கன்னியப்பனே, நான் இடித்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

“அம்மா ஒரு நாலு நாள் திட்டும், அப்பால மறந்துடும்னு நெனச்சேன். யாரு மறந்தாங்க?”

ஒரு உதவியாகச் செய்தது வீட்டுக் கதையாகி, பேராகி, இருபது வருடமாக நடந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. கதை நடக்கும்போது அவரும் கூடச் சிரிப்பார். அம்மா இருக்கும்வரை அவரால் சொல்ல முடியாது என்று கன்னியப்பன் சமாதானம் சொல்லிக்கொண்டார். அம்மா போன பிறகாவது சொல்வார் என்று இரண்டு வருடம் பார்த்தார். பத்தாம் நாள் எல்லோரும் சிரித்தபோது இவர் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அவருக்கு வலித்த இடம் வேறு. அவர் மகன் முருகன் பஸ் டிரைவர். அந்தச் சம்பவம் நடந்தபோது அவனுக்கு லைசென்ஸ் வாங்கிய புதிது. அந்த வீட்டில் கதையைக் கேட்டவன்தான் அவனும். இன்றுவரை, வண்டி ஓட்டுவதில் அப்பா ஏதாவது குறை சொன்னால், நீ கேட்ல கோடு போட்டவன்தானே என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுவான்.

“முப்பத்திநாலு வருசம் சார். ஒரு வண்டில, ஒரு இடத்துல, ஒரு கீறல் இல்ல. எம்புள்ளைக்கே அது தெரியாது.”

அவனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். ஐயாவுக்கு வாக்குக் கொடுத்தது, சொல்வதாக இருந்தால் அவர்தான் சொல்ல வேண்டும் என்றார். என்னிடம் வாய் தவறி வந்துவிட்டது, நீங்களும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது கூடவே வந்தவர், கடைசிப் படியில் நின்று ஒரு கோரிக்கை வைத்தார். கோடு இல்லாமலே அந்தக் காரைச் செய்ய முடியுமா?

பார்க்கிறேன் என்றேன். என்ன கோழைத்தனமான வார்த்தை அது.

மேஜைக்குத் திரும்புவோம்

இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் நான்கு நாள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன் என்று.

கீறல் போடுவது ஒரு வித்தையே இல்லை. முதலில் செங்கல் நிறத்தில் மெல்லிய கோடு, அது உள்பூச்சு. அதற்குள் இன்னும் மெல்லிதாகக் கரும்பழுப்பு, அது இரும்பு. கீழ் விளிம்பில் ஒரே ஒரு இழை வெள்ளை, வெளிச்சம் பட்டதுபோல் இருக்க. பத்து நிமிட வேலை. போட்டால் ஒரு மனிதரை இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் குற்றவாளி ஆக்குகிறேன், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நிரந்தரமாக. போடாவிட்டால் வசுமதி ஏன் என்று கேட்பார். சொல்ல முடியாது, சத்தியம் இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். பெரியவர் மேல். சாவியைத் திருடி ஒரு சுற்று போனதற்காக இல்லை. அதை நானும் செய்திருப்பேன். கூடச் சிரித்தாரே, அதற்காக.

கலாவிடம்கூடச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை, கோடு இல்லாத காரைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் கட்டினேன். எங்கே கொண்டுபோனாலும் வழியில் உரசினால் சரிசெய்ய ஒரு பிரஷ்ஷும் இரண்டு மூன்று நிறமும் கூட எடுத்துப்போவது என் வழக்கம். அன்றைக்கும் எடுத்துக்கொண்டேன்.

எண்பது

பெரியவரின் பழைய வீடு இப்போது அடுக்குமாடி. கேட்டும் இல்லை, கொண்டியும் இல்லை. இரண்டாவது மாடியில் அவர் பங்குக்கு வந்த வீட்டில் இருபது பேர் போல இருந்தார்கள். சாப்பாடு முடிந்திருந்தது. கன்னியப்பன் வந்திருந்தார், அதே கசங்காத வெள்ளைச் சட்டை. அவரை பைக்கில் கொண்டுவந்து விட்ட முருகனையும் சாப்பிடவைத்திருந்தார்கள். அப்பாவின் உயரம், இரண்டு மடங்கு அகலம்.

பெட்டியைத் திறந்து வைத்ததும் பெரியவர் எழுந்து வந்தார். மெலிந்த மனிதர், தடித்த கண்ணாடி. குனிந்து முன் இடது சக்கரத்தைப் பார்த்தார். மூடிகூட மாறியிருக்கே என்று முணுமுணுத்தார். கன்னியப்பன் சொன்னதுதான் என்றேன். எல்லோரும் போன்களை நீட்டிப் படம் எடுத்தார்கள்.

வசுமதி காரை மெதுவாகத் திருப்பினார். இடது பக்கம் வந்தது.

கையெழுத்து எங்கே என்று கேட்டார். பெயின்ட் சரியாகக் காயவில்லை, அதனால் விட்டுவைத்தேன் என்று புளுகினேன். அதனால் என்ன, பெட்டியில் பிரஷ்ஷும் இருக்கிறதே, இங்கேயே எல்லோர் முன்னாலும் போட்டுவிடுங்கள் என்று அவர் உற்சாகமானார். கன்னியப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். கதை தெரியாத இரண்டு பேருக்கு ஒருவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சிரிப்பு எழுந்தது. முருகனும் சிரித்தான். கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

செங்கல் நிற மூடியைத் திறந்தேன். பிரஷ்ஷைத் தொட்டேன். ஆயிரக்கணக்கான பல்லில் விரிசல் வரைந்த கை அது. காருக்கு ஒரு அங்குலம் மேலே போய் நின்றுவிட்டது. நகர மாட்டேன் என்றது.

நான் நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தேன். அது நீங்கள் போட்ட திட்டமா என்று பிறகு கலா கேட்டாள். சத்தியமாக எனக்குத் தெரியாது. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கன்னியப்பனைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

“இப்படிக் குடுங்கோ. நான் பண்ணினதை நீங்க ஏன் பண்ணணும்?”

என்னப்பா சொல்றேள் என்றார் வசுமதி. பெரியவர் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, பின்கதவின் நடுவில் வைத்து, மட்கார்டு வரைக்கும் இழுத்தார். தடித்துப் போயிற்று. நடுவில் ஒரு இடத்தில் கோணிக்கொண்டு மேலே ஏறியது. ஓரத்தில் சொட்டியது. நாற்பது நாள் வேலையின் மேல் அப்படியொரு கோட்டை வேறு யாராவது இழுத்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். கண் ஆபரேஷன், பூஜை அலமாரி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் இல்லாமல், யாரையும் பார்க்காமல், காரைப் பார்த்தே சொன்னார். உங்கம்மா போனப்புறமும் சொல்லலை, அதுக்கு ஒரு காரணமும் கிடையாது, வெட்கம்தான் என்று மகளிடம் சொன்னார். வசுமதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கன்னியப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

முருகன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“இன்னா நைனா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

கன்னியப்பன் மேஜைக்கு வந்து, குனிந்து, ஈரக் கோட்டை அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தார். விரலைக் காருக்குச் சற்று மேலே, படாமல், கோட்டின் கூடவே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து நின்றார். அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவன் தெரியாதவனிடம் பேசுகிற தோரணை.

“இன்னும் ரெண்டடி முன்ன போய் ஸ்டீரிங்க ஒடிச்சிருக்கணும் ஐயா.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கும் நீ அதைத்தாண்டா கத்தினே, கன்னியப்பா. நான்தான் கேக்கலை.”